அந்தக் கடை எதைச் செய்கிறதோ அதைக் கேளுங்கள்

மெக்ஸிகோக்காரர்கள் குடும்பமாக நடத்தும் சின்ன டாக்கோ கடைகளைப் பற்றி (டாக்கோ என்பது டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் இறைச்சியோ காய்கறியோ வைத்து மடித்துச் சாப்பிடுவது) போன இதழில் நாலு வரி எழுதியதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் டாக்கேரியா, அதாவது டாக்கோ கடை, இருக்கிறது. எப்போதும் கூட்டம், வாசனை ஆளை இழுக்கிறது. ஆனால் பலகை முழுக்க ஸ்பானிஷ். என்ன கேட்பதென்று தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறேன். எப்படி ஆர்டர் செய்வது?
(வாசகர், டாலஸ்)

பலகையைப் பார்த்து மிரளாதீர்கள் தம்பி. அதில் இருப்பவை பெரும்பாலும் இறைச்சியின் பெயர்கள். எந்த இறைச்சி என்று முடிவு செய்துவிட்டால், அதை டாக்கோவாகத் தருவதா பெரிய கோதுமை ரொட்டியில் சுருட்டிப் புரிட்டோவாகத் தருவதா என்று அவர்களே கேட்பார்கள். அசாதா என்றால் தணலில் வாட்டிய மாட்டிறைச்சி. பஸ்தோர் என்றால் மசாலாவில் ஊறி, செங்குத்தான கம்பியில் சுற்றிக்கொண்டே வெந்த பன்றி இறைச்சி. கார்னிதாஸ் பன்றிக் கொழுப்பிலேயே மெதுவாக வெந்த பன்றி. போயோ கோழி. சுவதேரோ என்பது மாட்டின் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சதை, கொழுப்பில் நெடுநேரம் கிடந்து கடிக்கத் தேவையில்லாத பதத்துக்கு வந்துவிடும். லெங்குவா நாக்கு, கபேசா ஆவியில் வெந்த மாட்டுத் தலை, திரிப்பா குடல், புச்சே பன்றியின் இரைப்பை. இவ்வளவு தெரிந்தால் பலகையில் முக்கால்வாசி படித்தாயிற்று.

முதலில் இரண்டே இரண்டு டாக்கோ சொல்லுங்கள். பசியில் எட்டு சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கடைசி நாலும் ஆறிப்போகும், ஆறிய டாக்கோவுக்கு உயிர் கிடையாது. டோர்ட்டியா கல்லிலிருந்து எடுத்த சூட்டில், கொழுப்பு இன்னும் இளகியிருக்கும்போதே வாய்க்குப் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டு மறுபடி இரண்டு சொல்லுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அங்கே எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

"கோன் தோதோ?" என்று கேட்பார்கள். வெங்காயமும் கொத்தமல்லியும் போடவா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிறகு சல்சா என்ற மிளகாய்ச் சட்னி, எலுமிச்சைத் துண்டு, முள்ளங்கி, சில கடைகளில் வாட்டிய வெங்காயத்தாள், ஊறுகாயாகப் போட்ட ஹலபெனோ மிளகாய், இதெல்லாம் தனியாக ஒரு மேசையில் இருக்கும், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். கரண்டியும் முள்கரண்டியும் தேடாதீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றும் போதும். தட்டைக் கீழே வைத்துவிட்டு உடம்பை முன்னால் சாய்த்துச் சாப்பிட்டால் சாறு சட்டையில் வழியாது. பல கடைகளில் ஒரு டாக்கோவுக்கு இரண்டு டோர்ட்டியாவை அடுக்கித் தருவார்கள். கீழே சிந்திய இறைச்சிக்குத்தான் அந்த இரண்டாவது டோர்ட்டியா, அதைத் தனியே எடுத்து வழித்துச் சாப்பிடுங்கள்.

டாலஸில் பெரும்பாலும் முதலிலேயே பணம் வாங்கிவிடுவார்கள். மெக்ஸிகோ நகரத்தில் போய்ச் சாப்பிட்டால் பல கடைகளில் கடைசியில் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள், நீங்கள் சொல்வதுதான் கணக்கு. எண்ணிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டு வரலாம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று முன்பின் தெரியாதவருக்கும் சொல்லும் வழக்கம் அது. எனக்கு அந்த ஊர்ப் பழக்கங்களில் ரொம்பவும் பிடித்தது இதுதான்.

மாலில் கிடைக்கும் மொறுமொறுப்பான டாக்கோ போலியா?
(கல்லூரி மாணவி, பெங்களூரு)

போலி என்று சொல்ல மாட்டேன். மெக்ஸிகோவிலேயே டோர்ட்டியாவை மடித்து எண்ணெயில் பொரிக்கும் டாக்கோ உண்டு, தோராதோஸ் என்பார்கள். கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் மிட்லா கஃபே என்று ஒரு குடும்ப உணவகம் 1937இலிருந்து இருக்கிறது. அங்கே இந்தப் பொரித்த டாக்கோவுக்குப் பெரிய கூட்டம். எதிரே கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே சாப்பிட்டுப் பழகி, அதைப் பார்த்துத்தான் தானும் செய்ய ஆரம்பித்தார். 1962இல் அவர் தொடங்கியது டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கடை. மடித்த டோர்ட்டியா ஓடுகளை முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைத்துக்கொண்டால் வேகமாக நிரப்பித் தரலாம், அதுதான் அவருடைய வழி.

ஆக, மூலம் ஒரு குடும்பத்தின் சமையலறை. எங்கே தப்பிப்போனது என்றால், பெட்டியில் வந்த ஓடு, பொடியிலிருந்து வந்த மசாலா, எல்லா ஊரிலும் ஒரே ருசி. பொரித்த டாக்கோவை வெறுக்க வேண்டாம். அன்றைக்கே பொரித்ததா என்று மட்டும் பாருங்கள்.

அலுவலக வேலையாக மூன்று மாதம் மெக்ஸிகோ நகரம் போகிறேன். சுத்த சைவம். டாக்கோ கடைப் பக்கம் போக முடியுமா, இல்லை ரொட்டியும் பழமும்தானா?
(வாசகர், கோயம்புத்தூர்)

போகலாம், ஆனால் கடையைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். இரவில் ட்ரோம்போ (இறைச்சி சுற்றும் அந்தக் கம்பிதான்) ஓடும் கடைக்குப் போய்ச் சைவம் கேட்டால் டோர்ட்டியாவில் சீஸை உருக்கித் தருவார்கள், அதுவும் கொழுப்பு வழியும் அதே கல்லில். அது உங்களுக்குச் சரிப்படாது, அவர்களுக்கும் சங்கடம்.

நீங்கள் தேட வேண்டியது காலையிலும் மதியத்திலும் திறக்கும் கடைகள், சந்தைக்குள்ளும் தெருமுனையிலும் பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை. கோமால் என்பது நம் தோசைக்கல் மாதிரியான தட்டு. அதில் நீலநிற மக்காச்சோள மாவைத் தட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே த்லகோயோ கேளுங்கள்: படகு வடிவத்தில் தட்டிய மாவுக்குள் பயறோ மொச்சை வகையோ வைத்துச் சுட்டு, மேலே நோபால் துண்டுகள், சல்சா, கொஞ்சம் சீஸ். நோபால் என்பது சப்பாத்திக்கள்ளியின் இளம் மடல், முள் சீவி வேகவைத்தது, லேசான புளிப்பும் வெண்டைக்காயின் வழவழப்பும் இருக்கும். பூசணிப்பூ வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியா, அதாவது கேசடியா, வறுத்துத் தோலுரித்த பொப்ளானோ மிளகாயை நீளமாகக் கிழித்துப் பாலேட்டில் புரட்டிய ராஹாஸ், காளான், உருளைக்கிழங்கு. ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். நீங்கள் போவது அந்த மாதங்களில் என்றால் உயிட்லகோச்சே என்ற ஒன்றைத் தவறவிடாதீர்கள். மக்காச்சோளக் கதிரில் வளரும் கரும்பூஞ்சை அது, பார்க்க மனசு ஒப்பாது, ஆனால் வெங்காயத்தோடும் எப்பசோத்தே இலையோடும் வதக்கினால் மழை பெய்த மண்ணின் வாசனையோடு ஒரு ருசி வரும். மற்ற நாட்டு விவசாயிகள் பலர் நோய் என்று பிடுங்கி எறிவதை அந்த ஊர்க்காரர்கள் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இனி எச்சரிக்கை. மசித்த பீன்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள், அதன் பெயர் மன்தேக்கா. சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்திருக்கும். "கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியைப் போட்டுத் தரக்கூடும், ஏனென்றால் பலருக்கு அந்தச் சொல் மாட்டையும் பன்றியையும்தான் குறிக்கும். எனவே முழு வாக்கியமாகவே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, சின் மன்தேக்கா, போர் ஃபவோர்." இறைச்சி, கோழி, மீன் சாப்பிட மாட்டேன், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்பது அதில் அடங்கிவிடும். இன்னொன்று, மெக்ஸிகோ நகரத்தில் கேசடியா என்று கேட்டால் சீஸ் தானாக வராது. வேண்டுமென்றால் "கோன் கேசோ" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடிக்க ஹமைக்கா கேளுங்கள். நம் புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடியின் சிவப்புப் புல்லிதழை ஊறவைத்துச் செய்யும் பானம், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். புளித்தண்ணீரும் உண்டு, அகுவா தே தமரிந்தோ. ஸ்பானியர் காலத்தில் கப்பல் ஏறிப்போன புளி அங்கே பானமாகவும் மிட்டாயாகவும் நிலைத்துவிட்டது. ஊர் ஞாபகம் வந்தால் ஒரு டம்ளர் குடியுங்கள்.

ஐந்து வயதுக் குழந்தையை அழைத்துப் போகலாமா?
(வாசகி, சான் ஹோசே)

தாராளமாக. குடும்பக் கடையில் கடைக்காரரின் குழந்தைகளே ஒரு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். சீஸ் கேசடியாவும் ஓர்சாத்தாவும் வாங்கிக் கொடுங்கள். ஓர்சாத்தா அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்துச் செய்யும் பானம், காரத்தை அமர்த்தும். சிலர் அதில் பாதாம் சேர்ப்பார்கள், மோலே குழம்பில் நிலக்கடலையும் எள்ளும் இருக்கக்கூடும். ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நாம் சாப்பிடாத காரமா? சல்சாவைப் பார்த்து எல்லாரும் ஏன் பயப்படுகிறார்கள்?
(வாசகர், விருதுநகர்)

பயப்பட வேண்டாம், மரியாதை கொடுங்கள். மிளகாயே அந்த மண்ணிலிருந்து புறப்பட்டதுதான். போர்ச்சுகீசியர் கொண்டுவந்து நமக்குக் கிடைத்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் அதைப் பயிரிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிறத்தை வைத்துக் காரத்தைக் கணிக்காதீர்கள். சிவப்பு சாதுவாக இருக்கும், பச்சை சுட்டெரிக்கும். வெளிர் ஆரஞ்சு நிறத்தில், பாலேடு கலந்தது என்று நினைக்கும்படி வழவழவென்று ஒன்று இருக்குமே, அது பெரும்பாலும் ஆர்போல் மிளகாயை எண்ணெய் விட்டு அரைத்தது, பால் ஒரு சொட்டுக்கூட இருக்காது, ஆளைத் தூக்கிவிடும். யுகதான் பக்கத்துக் கடை என்றால் ஆபனேரோ மிளகாய் இருக்கும், அதில் பழ வாசனை முதலில் வரும், காரம் நாலு நொடி கழித்துத்தான் வரும், அதற்குள் இரண்டாவது வாய் போயிருக்கும். "குவால் பிக்கா மாஸ்?" என்றால் எது அதிகக் காரம் என்று கேட்பது. கேட்டுவிட்டு ஒரு சொட்டைத் தட்டில் விட்டு நக்கிப் பாருங்கள்.

ஆனால் நம்மவர்கள் காரத்தை மட்டுமே பார்த்தால் பாதி ருசியை இழந்துவிடுவோம். அவர்கள் ஒவ்வொரு காய்ந்த மிளகாயையும் ஒவ்வொரு மணத்துக்காக எடுக்கிறார்கள். ஆஞ்சோவில் உலர்ந்த திராட்சையின் இனிப்பு, குவஹியோவில் நல்ல சிவப்பும் லேசான புளிப்பும், பசியாவில் ஒரு கசப்பு. சிப்போத்லே என்பது பழுத்த ஹலபெனோவைப் புகையில் உலர்த்தியது. பச்சை சல்சாவின் புளிப்பு தக்காளியினுடையது இல்லை, தொமதியோ என்ற தாள் உறை போர்த்திய காயினுடையது. எந்தச் சல்சா எந்த இறைச்சிக்கு என்று கடைக்காரரிடமே கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். கொழுப்பு மிகுந்த கார்னிதாஸுக்கு என் ஓட்டு எப்போதும் பச்சைக்குத்தான்.

எங்கள் ஊர்ச் சின்ன டாக்கேரியாவில் ஒரு டாக்கோ நாலு டாலர் ஆகிவிட்டது. கையளவு ரொட்டியும் இரண்டு கரண்டி கறியும், இதற்கா இவ்வளவு?
(வாசகர், ஹூஸ்டன்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கையளவு ரொட்டிக்கு முன்னால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். கடை சொந்தமாக மாவு அரைப்பதாக இருந்தால் முந்தின நாளே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, விடியற்காலையில் கழுவி அரைத்திருக்கிறார்கள். பஸ்தோர் இறைச்சியைத் தாளாகச் சீவி, குவஹியோ மிளகாயும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் சேர்ந்த விழுதில் ஊறப்போட்டு, ஒவ்வொரு தாளாகக் கம்பியில் குத்தி அடுக்கி, வெளிப்புறத்தைச் சீராக நறுக்கியிருக்கிறார்கள். அதைச் செய்யும் ஆள் நாள் முழுக்க நெருப்புக்கு எதிரே நிற்கிறார். கார்னிதாஸ் வைக்கும் பானையைப் பக்கத்திலேயே நின்று துழாவ வேண்டும். நாக்கை வேகவைத்துத் தோலுரிக்க வேண்டும், குடலைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். நாலைந்து சல்சாவும் அன்றன்றைக்கு அரைத்தது. அவற்றை உங்களுக்கு இலவசமாக வைத்திருக்கிறார்கள், எலுமிச்சையும் இலவசம், அமெரிக்காவில் எலுமிச்சை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். குடும்பக் கடை என்கிறோமே, அதில் மனைவி, மகன், மைத்துனி எல்லாரும் உழைப்பதற்குத் தனியாகச் சம்பளம் எழுதப்படுவதில்லை, அதனால்தான் விலை நாலு டாலரோடு நிற்கிறது.

இதே நகரத்தில் ஒரு தட்டு பாஸ்டாவுக்கு 22 டாலர் என்றால் நாம் வாய் திறப்பதில்லை. மாவும் தண்ணீரும் தக்காளியும்தானே என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. மெக்ஸிகோ சாப்பாடு என்றால் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கருப்பாக, ஆங்கிலம் தடுமாறிப் பேசுகிறவர்கள் சமைத்தால் உழைப்பின் விலை குறைந்துவிடுமா? நம் இட்லிக் கடைக்கும் வெளிநாட்டில் இதே அவமானம் நடக்கிறது, நமக்குத்தான் இது முதலில் புரிய வேண்டும். மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபை ஒவ்வொரு நாளும் தூக்கிச் சுமப்பவர்கள் இந்த மாதிரிக் கடைக்காரர்கள்.

டிப்ஸ் வையுங்கள். அமெரிக்காவில் அங்குள்ள வழக்கப்படி, மெக்ஸிகோவில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10இலிருந்து 15 சதவீதம், தெருக்கடையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும். சல்சாவை டப்பா டப்பாவாக வீட்டுக்கு அள்ளி வராதீர்கள்.

வீட்டில் மக்காச்சோள மாவை வாங்கி டோர்ட்டியா தட்டினேன். ஓரமெல்லாம் வெடித்து, மடித்தால் இரண்டாக உடைகிறது. என்ன தப்பு?
(வாசகி, திருச்சி)

உங்கள் கைப்பக்குவத்தில் தப்பே இல்லை. நம் கடைகளில் கிடைப்பது காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்த மாவு. டோர்ட்டியாவுக்கு வேண்டியது சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் மாவு. வித்தியாசம் அந்தச் சுண்ணாம்பில்தான்.

காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, உணவுக்கென்று விற்கும் தூள்தான், கட்டிட வேலைக்கு வாங்கியதோ வெற்றிலைக்கு வைத்திருப்பதோ வேண்டாம். நிறையத் தண்ணீரில் கரைத்துச் சோளத்தைப் போட்டு, முக்கால் மணி நேரம் போல மெதுவாக வேகவிட்டு, அடுப்பை அணைத்து இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் தேய்த்துக் கழுவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும். அதைத்தான் நிக்ஸ்தமால் என்கிறார்கள். அரைத்தால் மாசா, பிசைந்தால் ஒட்டும், தட்டினால் விரியும், மடித்தால் உடையாது. சுண்ணாம்பு தோலைத் தளர்த்தி, தானியத்துக்குள் இருப்பதை ஒன்றோடொன்று பிணையவைக்கிறது.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்கிறது. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கும், சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளுக்கும், பிறகு அமெரிக்காவின் தென்மாநிலத்து ஏழைகளுக்கும் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். தொற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 1914இல் இந்த வேலையை ஏற்ற ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்தான் இது சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். மெக்ஸிகோவின் கிராமத்துப் பெண்கள் 3,000 ஆண்டுகளாகச் செய்துவந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தால் அத்தனை சாவு நடந்திருக்காது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

சரி, அரைப்பதற்கு என்ன செய்வது? அங்கே எரிமலைக் கல்லில் அரைப்பார்கள். உங்களிடம் வெட் கிரைண்டர் இருக்குமே, அது போதும். அமெரிக்காவில் வீட்டிலேயே மாசா அரைக்கும் ஆர்வலர்கள் சிலர் நம் நாட்டு டேபிள் டாப் கிரைண்டரை வாங்கித்தான் அரைக்கிறார்கள். தண்ணீரைக் குறைவாகத் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இட்லி மாவுப் பதத்துக்கு விட்டால் தட்ட முடியாது. அவ்வளவு நேரமில்லை என்றால் மசேக்கா போன்ற மாசா மாவுப் பொட்டலம் இணையத்தில் கிடைக்கிறது. மெக்ஸிகோவிலேயே ஏராளமான கடைகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ருசி ஒரு படி கீழேதான், ஆனால் உடையாது.

அல் பஸ்தோர் ஷவர்மாவிலிருந்து வந்தது என்கிறார்களே, அப்படியென்றால் நாங்கள் சாப்பிடலாமா?
(வாசகர், காயல்பட்டினம்)

வந்தது உண்மை. லெபனான் பக்கமிருந்து குடியேறியவர்கள் செங்குத்துக் கம்பியில் சுடும் முறையைக் கொண்டுபோனார்கள். புவேப்ளா நகரத்தில் 1930களில் அரபு டாக்கோ என்றே அது விற்றது. ஆனால் ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றி பிடித்துவிட்டது, மசாலாவும் மெக்ஸிகோவினுடையதாக மாறி, மேலே அன்னாசி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆகவே பஸ்தோர், கார்னிதாஸ் இரண்டும் உங்களுக்கு ஆகாது. ஹலால் மாடோ ஆடோ சாதாரணக் கடையில் எதிர்பார்க்க முடியாது, கோதுமை டோர்ட்டியாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்புண்டு. மெக்ஸிகோவின் பசிபிக் கடலோரம், என்செனாதா பக்கத்து மீன் டாக்கோக் கடைகள் உங்களுக்கு நல்ல வழி: மாவில் தோய்த்துப் பொரித்த மீன், முட்டைகோஸ், எலுமிச்சை. மாவில் பீர் ஊற்றுகிறார்களா, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் முதலில் கேளுங்கள்.

மிஷலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய டாக்கோ கடைக்கு வரிசையில் நின்று சாப்பிடும் அளவுக்கு மதிப்பு உண்டா?
(வாசகர், சிங்கப்பூர்)

எல் கலீஃபா தே லெயோன். மெக்ஸிகோ நகரத்தில் சான் ரஃபாயெல் பகுதியில் 1968இலிருந்து இருக்கிறது, தந்தைக்குப் பிறகு மகன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம், உட்கார வசதி கிடையாது, நாலே வகை டாக்கோ. 2024 மே மாதம் நட்சத்திரம் கிடைத்தது, டாக்கோ கடைக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. பெயர் வாங்கித் தந்தது கவோனேரா: மெல்லிசாக வெட்டிய மாட்டின் மென்மையான ஃபிலே இறைச்சியைக் கொதிக்கும் தட்டில் போட்டு, உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டு, புரட்டி எடுத்து, அப்போதே தட்டிய டோர்ட்டியாவில் வைத்துத் தருவது. ரொதோல்ஃபோ கவோனா என்ற காளைச்சண்டை வீரரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

போங்கள், நிச்சயம் போங்கள். மறைக்க மசாலாவே இல்லாத ஒரு டாக்கோவை நல்லதாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே தெரியும். ஆனால் அது ஒன்றோடு திரும்பி வந்துவிடாதீர்கள். நார்வார்த்தே பகுதியில் எல் வில்சீதோ என்று ஒன்று, பகலில் கார் பழுது பார்க்கும் பட்டறை, இரவில் அதே இடத்தில் பஸ்தோர். நட்சத்திரம் இல்லாத எத்தனையோ கடைகளில் இதே அக்கறையோடு சமைக்கிறார்கள். ஆய்வாளர்கள் எட்டிப்பார்க்காததால் அவர்கள் குறைந்துபோகவில்லை.

நல்ல டாக்கேரியாவை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா?
(வாசகி, டொராண்டோ, பூர்வீகம் யாழ்ப்பாணம்)

பலகை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, இது என் முதல் விதி. நாற்பது உணவு எழுதியிருந்தால் எதையோ குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்குகிறார்கள் என்று பொருள். ஒரு குடும்பம் நாலு கையை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்.

இரண்டாவது நேரம். மெக்ஸிகோவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது உண்டு: பார்பகோவா (குழியில் வெந்த ஆட்டிறைச்சி) வாரக் கடைசிக் காலை, கார்னிதாஸ் மதியத்துக்குள், குழம்பு வகை டாக்கோ காலையும் மதியமும், பஸ்தோரும் சுவதேரோவும் இருட்டிய பிறகு. காலை பத்து மணிக்கு ட்ரோம்போ சுற்றினால் அது நேற்றைய இறைச்சியோ என்று நான் சந்தேகப்படுவேன். நல்ல ட்ரோம்போ மேலே அகன்று கீழே குறுகி, வெளிப்புறம் கருகிய ஓரங்களோடு மினுங்கும், வெட்டும்போதே சாறு கசியும். வெட்டி வைத்த இறைச்சியை மறுபடி தட்டில் போட்டு வதக்கினால் அது பஸ்தோரின் நிழல்தான்.

மூன்றாவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலானது, டோர்ட்டியா. யாராவது ஒருவர் மாவைத் தட்டிக்கொண்டிருந்தால், அது உப்பி அடங்குவது கண்ணுக்குத் தெரிந்தால், பலகையைப் படிக்காமலே உட்கார்ந்துவிடுங்கள். வாங்கிய டோர்ட்டியா என்றாலும் பரவாயில்லை, சூடு பண்ணி, துணியில் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குளிர்ந்த டோர்ட்டியாவில் எந்த இறைச்சியை வைத்தாலும் வீண். கனடா, அமெரிக்காவில் இன்னொரு அடையாளம், வேலை முடிந்து சுண்ணாம்பும் சாயமும் படிந்த உடையோடு வரிசையில் நிற்கும் மெக்ஸிகோ தொழிலாளர்கள். அவர்கள் நிற்கும் வரிசையில் நீங்களும் நில்லுங்கள்.

பார்சல் வாங்குவதாக இருந்தால் டாக்கோவாக வாங்காதீர்கள், ஆவியில் ஊறி வீட்டுக்கு வருவதற்குள் பிய்ந்துவிடும். இறைச்சியை எடை போட்டும் டோர்ட்டியாவைத் தனியாகவும் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனால் பார்பகோவா தீர்ந்துவிட்டது என்கிறார்கள். எப்போது போவது?
(வாசகர், சிகாகோ)

எட்டரைக்குள் போய்விடுங்கள். கற்றாழை மடலில் சுற்றி இரவு முழுக்கக் குழியில் வெந்த ஆட்டிறைச்சி, அமெரிக்காவில் பல கடைகளில் அடுப்பிலோ ஆவியிலோ செய்வார்கள், எப்படியானாலும் அன்றைக்கு வைத்தது அன்றைக்குத்தான், தீர்ந்தால் கடையைச் சாத்திவிடுவார்கள். முதலில் கோன்சோமே ஒரு கிண்ணம் வாங்குங்கள், இறைச்சியிலிருந்து சொட்டிய சாறும் கொண்டைக்கடலையுமாக இருக்கும், எலுமிச்சை பிழிந்து குடியுங்கள். அப்புறம் அரை கிலோ, விலாப் பக்கமாகக் கொழுப்போடு கேளுங்கள். இரண்டு பேருக்குப் போதும்.